தயாநிதியின் அக்கவுண்ட்

எங்கள் அலுவலகத்தில் விதிமுறை எழுதுவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மலேசியாவின் சுங்கை பட்டாணியில், எங்கள் முதலாளி லோகன் அண்ணனுடைய அப்பாவின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறோம். யார் எந்த வரியை மாற்றினார்கள், எப்போது வாடிக்கையாளருக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் பெயரும் படமுமாக டீம் போர்டில் பதிவாகிவிடும். அந்தப் போர்டின் உச்சியில் நான் எழுதி வைத்திருப்பது இது: 'வியாழன் மாலை ஐந்துக்கு மேல் யாரும் எதையும் அனுப்பக் கூடாது. இன்னொருவர் பார்க்காமல் எதுவும் போகக் கூடாது.' எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஏதாவது கெட்டுப்போனால் ஓடி வர ஆள் இருக்காது.

அந்த விதியை மீறியவள் நான்தான். அதை ஒப்புக்கொள்ளாதவளும் நான்தான்.

போர்டுக்கு ஐந்து பேருக்குத்தான் சந்தா கட்டியிருந்தோம். லோகன் அண்ணன் கடைக்காரர் பிள்ளை. "ஒரு அக்கவுண்ட்ல ரெண்டு பேர் இருந்தா என்ன லா, சண்டையா வரப்போவுது?" என்றார். அலோர் ஸ்டாரிலிருந்து தினமும் ரயிலேறி வரும் தயாநிதி புதிதாகச் சேர்ந்திருந்தான். நான் பெரிய மனுஷி போல அவனோடு பகிர்ந்துகொள்கிறேன் என்றேன். அக்கவுண்டையும் அவன் பெயரிலேயே வைக்கச் சொன்னேன். நான் எதைச் செய்தாலும் அவன் பெயரும் படமும்தான் விழும்.

அந்த வியாழன் குடும்பத்தோடு லங்காவித் தீவுக்குப் போகக் கிளம்பினேன். கோலா கெடா துறைமுகத்தில் ஃபெரிக்குக் காத்திருந்தபோது, முடிக்காமல் விட்ட ஒரு சின்ன மாற்றம் மண்டையைக் குடைந்தது. செர்டாங்கில் எண்ணெய்க்கான செம்பனைப் பழத்தை எடை போடும் நிலையம் ஒன்று எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய செயலியில் ஒரே ஒரு வரிதான். மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துத் திருத்தினேன். மணி ஐந்து நாற்பது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அனுப்பிவிட்டு ஃபெரி ஏறினேன்.

விடுமுறை முடிந்து நிலையம் திறந்த ஞாயிறு காலை, பழத்தோடு நிறுத்த எடையிலிருந்து செயலி வெறும் லாரியின் எடையை இரண்டு முறை கழித்தது. தோட்டக்காரர்களுக்குக் கணக்கில் பாதிப் பழம் காணாமல் போயிற்று. சண்டை மூண்டு நிலையத்தை மூடினார்கள். லாரிகள் பெரிய சாலை வரை வெயிலில் நின்றன.

மத்தியானம் லோகன் அண்ணன் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். திரையில் போர்டு இருந்தது. வியாழன், ஐந்து நாற்பது, தயாநிதி.

"ரெண்டு பேர்ல யாரு?" என்றார்.

தயாநிதி என்னைப் பார்த்தான். குற்றம் சொல்லும் பார்வை இல்லை அது. நீங்கள் சொல்லுங்கள் என்று வழிவிட்டு நிற்கிற பார்வை. மற்ற நேரத்தில் வாய் கிழியப் பேசுகிறவள் நான்.

"அந்த நேரத்துல நான் கோலா கெடாவுல ஃபெரிக்கு நின்னுக்கிட்டிருந்தேன், அண்ணே," என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் இன்றுவரை அந்த வாக்கியத்தை நினைத்தால் கூசுகிறது. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

தயாநிதி அண்ணன் பக்கம் திரும்பினான். "சாரி பாஸ். நான் பார்த்திருக்கணும்," என்றான்.

அந்த வாரக் கடைசியில் அவனுக்கு வேலை நிரந்தரக் கடிதம் வரவேண்டியிருந்தது. வந்ததும் இங்கேயே வீடு எடுத்து மனைவி சிவானியை அழைத்து வருவதாக இருந்தான். அது எனக்குத் தெரியும். வீடு பார்த்துக் கொடுத்ததே நான்தான்.

மாடிப்படியில் அவனை நிறுத்தினேன். "தயா, நான் அண்ணன்கிட்ட பேசுறேன்."

"பேசுங்கக்கா," என்றான். "உள்ளயே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

திங்கள் லோகன் அண்ணனுக்குத் தலைவலி. செவ்வாய் அவர் செர்டாங் போய்விட்டார். புதன் சொல்லியே தீருவது என்று அறை வாசல் வரை போனேன், அவர் போனில் இருந்தார், திரும்பிவிட்டேன். இப்படிச் சாக்குகளைப் பொறுக்கிச் சேர்த்தேன். வியாழன் தயாநிதிக்குக் கடிதம் வந்தது. நிரந்தரக் கடிதம் இல்லை, இனி வர வேண்டாம் என்ற கடிதம். போகும்போது என் மேசைக்கு வந்து, "வரேன்கா," என்றான். நான் திரையைப் பார்த்தபடியே தலையாட்டினேன்.

லோகன் அண்ணன் அந்த அக்கவுண்டை மூடவில்லை. பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றி எனக்கே கொடுத்தார். ஞாயிறு போர்டைத் திறந்தால், எட்டு மாதம் தயாநிதி செய்தது எல்லாவற்றிலும் 'பிரேமலா' என்று என் பெயர் இருந்தது. லைன் கிடைக்காத தோட்டங்களில்கூட எடையைச் சேமித்து வைக்கும்படி அவன் எழுதிய பகுதியும் என் பெயரில் வந்துவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர் அதற்காக என்னைப் பாராட்டி எழுதினார். நன்றி என்று பதில் போட்டேன்.

அவன் இடத்துக்குக் காஞ்சனா வந்தாள். என் அக்கவுண்டில்தான் அவளும். பழைய பதிவுகளைப் படித்து வேலை பழகிக்கொண்டிருந்தவள் நேற்று நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, இந்த லாரி எடை விஷயம், ஐஞ்சு நாப்பதுக்கு அனுப்புனது, நீங்களா?"

பெயர் மாறியதில் வியாழன் பதிவும் உண்மையான ஆளிடம் வந்து சேர்ந்திருந்தது. மூன்று மாதமாக யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

"ஆமா," என்றேன். "நான்தான்."

சொன்னதும் நெஞ்சு லேசானது. இவளிடமாவது முழுவதையும் சொல்லிவிடலாம், பிறகு லோகன் அண்ணனிடம், பிறகு தயாநிதியிடம் என்று மனம் ஓடியது.

"நானா இருந்தா மறைச்சிருப்பேன் லா," என்றாள் காஞ்சனா. "நீங்க எவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க."

அவள் காட்டிய இடத்தில், அந்தப் பதிவுக்குக் கீழே, ஞாயிறு மத்தியானம் தயாநிதி ஆங்கிலத்தில் எழுதிய மூன்று வரிகள் இருந்தன. 'பிழை என்னுடையது. யாரையும் பார்க்கச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். வெயிலில் நின்ற லாரிக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

பக்கத்தில் என் பெயர். லங்காவியில் எடுத்த, சிரித்துக்கொண்டிருக்கும் என் படம்.

அதை எழுதியது நானில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காஞ்சனா மரியாதையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேத்தண்ணி ஆறுது, குடி," என்றேன்.