முதலாளிக்குப் பின்னால் ஒரு வரிசை

"இன்னிக்கு மத்தியானம் லுஹர் தொழுகை நடத்த முதலாளி முன்னாடி நின்னா, பின்னாடி ஆளும் இருக்காது மச்சான், சுவரே நாலடி தள்ளிப் போயி நிக்கும்."

விடியுமுன்பே கொதிக்கத் தொடங்கிய சோப்புக் கொப்பரையைக் கிளறியபடி துடுப்புக்காரர் இப்படிச் சொன்னார். அந்தக் கார ஆவிக்குள் காக்கை புகுந்தால் கொக்காகத்தான் வெளியே வரும். அவருடைய மச்சானான மேஸ்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இவனுங்களா? முதலாளி இருமினாலே தண்ணிச் செம்போட ஓடிவர்ற கூட்டம்."

கொப்பரையைச் சுற்றித் தடுப்புக் கம்பி கிடையாது. போன வாரம் துடுப்புக்காரரின் தம்பி வழுக்கி விழப்போய், ஒரு கை முழங்கைவரை வெந்தது. கம்பி கேட்டார்கள். முதலாளி ஒழுக்க வகுப்பு வைத்தார்.

நேற்றைய வகுப்பில், "வேலை நேரம் அமானத், நம்பி ஒப்படைச்ச பொருள். வீணாக்கினா மறுமையில பதில் சொல்லணும்" என்று முழங்கினார்.

"எங்க கை கால் யாரோட அமானத், முதலாளி?" என்றார் துடுப்புக்காரர்.

"அது கத்ர், ஆண்டவன் விதிச்சது. சபுரா, பொறுமையா இரு."

"கம்பி போடாததும் கத்ரா?"

"சபுர் இல்லாதவனுக்கு வாசல் திறந்துதான் இருக்கு."

"ஜனங்க வெறுக்க வெறுக்க இமாமா நிக்கிறவரோட தொழுகை அவர் காதைத் தாண்டாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

முதலாளியின் முகம் கொப்பரையைவிட அதிகமாகக் கொதித்தது.

இன்று நண்பகல், தொழுகை அறையில் மேஸ்திரி, வரிசைக்கு அழைக்கும் இகாமத் சொன்னார். முதலாளி வழக்கம்போல் திரும்பிப் பாராமலே, "தோளோடு தோள் ஒட்டி நில்லுங்க" என்றார்.

மேஸ்திரி இருபுறமும் பார்த்தார். ஒட்டுவதற்குத் தோளே இல்லை. விரித்த பாய்கள்தான் கிடந்தன.

முற்றத்திலிருந்து 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தார். ஈரத் தரையில் ஆலை முழுவதும் வரிசையாக நின்றது. முன்னால் இமாமாக, வெந்த கைக்காரர். ஒரு கை கட்டுக்குள் இருக்க, மற்றது மட்டும் உயர்ந்தது. வானத்தைத் தட்டித் திறக்கும் உயரம்.

வேலை போகும் என்று மேஸ்திரிக்குத் தெரியும். செருப்புகூட மாட்டாமல் ஓடினார். வரிசைக் கடைசியில் துடுப்புக்காரர் நகர்ந்து இடம் விட்டார்.

தொழுகை முடிந்தும் யாரும் துடுப்பைத் தொடவில்லை. கம்பி வரும்வரை அடுப்பு எரியாது என்றார்கள். முதலாளி பாய்ந்து வந்தார்.

"எல்லாரையும் இன்னிக்கே வெளிய தள்ளுறேன். எனக்குப் பின்னால யாருமே நிக்கலைன்னு ஊர்ல கதை கட்டுவீங்களா? மேஸ்திரி நின்னாரு. சொல்லுங்க மேஸ்திரி."

மேஸ்திரி மச்சானின் தோளை விட்டு நகரவில்லை.

"காலையில இவர் சொன்னப்ப நானும் நம்பல, முதலாளி. ஆனா நடந்துதான் போச்சு. சுவர்கூட நாலடி தள்ளிப் போயித்தான் நின்னுச்சு."