பின்வாசல் வைத்த கால்சட்டை

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால், மிச்சமிருக்கிற என் பற்களும் இன்றைக்கே உதிரட்டும்.

தையல்காரருக்குக் காலமெல்லாம் சோறு போட்டது ஆண்களின் இடுப்பும் தொடையும்தான். நாடாவோடு அவர் குனிந்ததும் எவனாவது நெளிந்தால், ஆம்பளைக்கு என்னய்யா கூச்சம் என்று ஓர் அதட்டல் போடுவார். அப்படிப்பட்டவருக்குச் சிறுநீர் முக்கி முக்கிச் சொட்ட ஆரம்பித்தது. டாக்டர் பின்பக்கமாக விரல் விட்டுத்தான் பார்ப்பார் என்று கேள்விப்பட்டதும், மனுஷன் தையல் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டார். அதிலும் டாக்டர் பெண்பிள்ளை, மகள் வயசு.

மனைவி சண்டை போடவில்லை. ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தபடியே சொன்னார்:

"உங்க அண்ணனும் இப்படித்தான் கூச்சப்பட்டாரு. கூச்சம் கடைசிவரைக்கும் இருந்துச்சு. அவருதான் இல்லாமப் போயிட்டாரு."

அண்ணனைக் கொண்டுபோனது புற்றுநோய். தனக்கும் அதுதானோ என்ற பயம் ஒரு பக்கம். கால்சட்டையை அவிழ்க்கணுமே என்ற பயம் இன்னொரு பக்கம். நிறுத்துப் பார்த்ததில் கால்சட்டைதான் கனத்தது. ஆகவே, அவிழ்க்கவே தேவையில்லாத கால்சட்டை ஒன்றைத் தைத்தார். பின்னால், வேண்டிய இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு கதவு. அதற்குப் பொத்தான், உள்ளே வழுவழுவென்று லைனிங், மழைச்சாரல் அடிக்காமல் மேலே ஒரு மடிப்பு.

அதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தார். டாக்டர் கதவைத் தட்டினாரா என்பதில் மட்டும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் கதவு திறக்கவில்லை. கால்சட்டையில் அந்த இடம் கிழியாமலிருக்க இரட்டைத் தையல் போட்டே பழகிய கை, பதற்றத்தில் கதவையும் சேர்த்துச் சுற்றிவர அடைத்துத் தைத்திருந்தது.

டாக்டர் கத்திரி கேட்டார். ஒருக்களித்துப் படுத்திருந்தவருக்குப் பாதி உயிர் போயிற்று. நர்ஸ் கொண்டுவந்த கத்திரியைப் பார்த்ததும் மீதி உயிர் கோபமாக மாறியது.

"அம்மா, அதைக் கீழ வைங்க. கட்டுத்துணி வெட்டுற கத்திரி, நல்ல துணியக் கடிச்சிரும். என் சட்டைப் பையில சின்னது இருக்கு, எடுங்க. நூலை இழுக்காதீங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு வெட்டுங்க."

டாக்டரும் அவர் சொன்னபடியே வெட்டினார். தையல்காரர் சுவரைப் பார்த்தபடியே பாடம் நடத்தினார். எந்த நூல் எப்படிப் பிரியும், அவசரப்பட்டால் துணி எப்படிச் சுருங்கும் என்று விளக்கிக்கொண்டே போனார்.

"இப்ப மேல்பக்கம் இன்னொரு தையல் தட்டுப்படும், அதை மெதுவா..."

"முடிஞ்சுதுங்கய்யா."

"தையலா?"

"பரிசோதனை. சுரப்பியில சாதாரண வீக்கம்தான், மாத்திரை போதும்."

வெளியே பெஞ்சில், இருப்பதா ஓடுவதா என்று தவித்துக்கொண்டிருந்த ஆண்களெல்லாம் அவர் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே அளவு கொடுக்க வரிசை கட்டினார்கள். ஒருவர் கதவுக்குப் பக்கத்தில் ஜன்னலும் கேட்டார்.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தையல்காரர் இதைச் சொல்லிச் சொல்லித்தான் இப்போது அளவெடுக்கிறார்.

டாக்டர் அவரை முதன்முதலாகப் பார்க்கப்போவதே வருகிற வியாழக்கிழமைதான்.