முஹன்னத்தின் கணினிக்குக் கண்பட்ட கதை

உலகில் பிழையே இல்லாத பொருள் ஒன்று உண்டு. அது பஸ்ராவில், என் நண்பன் முஹன்னத்தின் அறையில் இருக்கிறது. அவன் தன் கையாலேயே கோத்த கணினி. இதைச் சொன்னவன் முஹன்னத்தே என்பதால் மேற்கொண்டு ஆதாரம் தேவைப்படவில்லை.

புது கிராபிக்ஸ் கார்டு மாட்டிய நாளிலிருந்து அந்தப் பிழையற்ற பொருள் அடிக்கடி சிலையாகிவிடும். எங்கள் இருவரின் இறுதியாண்டு அனிமேஷன் படம் அதற்குள்தான் உருவாகிக்கொண்டிருந்தது. இன்று நாலு மணிக்குள் கல்லூரிக்கு அனுப்பாவிட்டால் இருவருக்கும் இன்னொரு வருஷம்.

“ரேம்தான்,” என்றான். கழற்றித் துடைத்து மாட்டினான். உறைந்தது. “தெருவுக்கே கரண்ட் குடுக்கிற ஜெனரேட்டர்காரன்தான்!” ஜன்னல் வழியாக அவரைத் திட்டினான். அவரும் குறை வைக்காமல் திட்டினார். அப்போதும் உறைந்தது.

நான் சித்தி என்று கூப்பிடும் அவன் அம்மா தூபக்காலோடு வந்தார். தணலில், கண்ணேறு கழிக்கப் போடும் ஹர்மல் விதைகள் படபடவென்று வெடித்தன.

“கண்ணு பட்டிருக்குடா. அந்தப் பெட்டியோட கண்ணாடிக் கதவைக் கழட்டு, புகை உள்ள போகட்டும்.”

“யம்மா, இது கம்ப்யூட்டர். சீக்கு வந்த ஆடு இல்ல.”

“ஆடா இருந்தா சொன்ன பேச்சு கேட்டிருக்கும்.”

நான் கழற்றினேன். சித்தி மூன்று சுற்று சுற்றினார். கணினி அரைமணி நேரம் குதிரையாக ஓடியது.

“தற்செயல்,” என்று கதவைத் திருகி மூடினான் முஹன்னத். கொஞ்ச நேரத்தில் மறுபடி சிலை.

“பொல்லாத கண்ணுடா இது,” என்று சித்தி திரும்பவும் தூபக்காலைத் தூக்கினார். இந்த முறை அவன் திறக்க விடவில்லை. முன்பக்க ஓட்டைகள் வழியாகப் புகுந்த புகை, சாப்பிட்டும் கிளம்பாத விருந்தாளி மாதிரி உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

“டேய், புகை ஏன்டா நகரவே மாட்டேங்குது?” என்றேன்.

முஹன்னத் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தான். புது கார்டின் விசிறி நின்றிருந்தது. கதவை மூடினால் கண்ணாடி மின்வயரை விசிறிக்குள் தள்ளுகிறது. திறந்தால் வயர் விலகிக்கொள்கிறது.

“சூடுடா! வெறும் சூடு! அறிவியல்!” என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

“அறிவியலுக்குப் புகை போட்டது யாருடா?” என்றார் சித்தி.

வயரை இழுத்துக் கட்டி மூடினோம். ஓடியது. பாதிப் படத்தைப் பாடிக்கொண்டே முடித்தோம், மீதியை ஆடிக்கொண்டே. மூன்றே முக்காலுக்கு எல்லாம் தயார்.

“அனுப்புடா!”

“ஒரு நிமிஷம்,” என்று சமையலறைக்குப் போனான். அங்கே ஏதோ படபடவென்று வெடித்தது.

தூபக்காலோடு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் கணினியை மூன்று சுற்று சுற்றினான். நான் வாயைத் திறப்பதற்குள் என்னையும் ஒருமுறை சுற்றிவிட்டு, பொத்தானை அழுத்தினான்.