மூன்று பொட்டு வெளிச்சம்

"ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தாலும் மூணு மணி நேர உழைப்பு குப்பைக்குப் போயிடும். டார்ச்சை எடுத்தே, கையை ஒடிச்சிடுவேன்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"கல்யாணத்துல மூஞ்சிக்கு நேரா லைட் அடிக்கிற ஆளு பேசற பேச்சா மாமா இது!" என்று சிரித்தான் மச்சான். மனைவியின் ஒரே தம்பி. கேமரா ஸ்டாண்டை மலையுச்சிக்குச் சுமந்து வந்தவன் அவன்தான். "சரி, உங்க நட்சத்திரத்தைக் கட்டிக்கிட்டு அழுங்க. நான் கொஞ்சம் ஒதுங்கிட்டு வரேன்."

பாஸ்போர்ட் படம் எடுத்தே தலை நரைத்தவர் ஸ்டுடியோக்காரர். இந்த ஒரு படமாவது பேர் சொல்ல வேண்டும் என்று ஆசை. எதிரே கரேலென்று மலைச்சரிவு, அதற்கு மேலே நட்சத்திரங்கள் வட்டவட்டமாகக் கோடு இழுக்க வேண்டும். அதற்கு அரை நிமிஷத்துக்கு ஒன்றாக முந்நூற்றறுபது படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்.

பாதிப் படம் எடுத்திருந்தபோது சரிவின் கீழ்ப்பக்கத்தில் பளிச், பளிச், பளிச்சென்று மூன்று முறை வெளிச்சம்.

"அணைடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அணைந்தது. 'கத்தினாத்தான் வழிக்கு வருவான்' என்று முணுமுணுத்துக்கொண்டார்.

வேலை முடிந்தபோது மச்சானைக் காணோம். கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. ரோஷக்காரன்; போன தடவையும் ஒரு வார்த்தை பொறுக்காமல் லாரி ஏறிப் போனவன்தான். சாமான்களைத் தானே சுமந்துகொண்டு இறங்கினார்.

விடிந்ததும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து அந்த மூன்று வெளிச்சத்தையும் அழித்தார். கல்யாணப் பெண்ணின் பருவை அழிக்கிற அதே கை, அதே வேகம். கேமராவிலிருந்த மூலப் படங்களையும் வழக்கம்போலத் துடைத்துவிட்டார்.

மத்தியானம் மனைவி வந்து நின்றாள். "என்னங்க, தம்பி இன்னும் வீட்டுக்கு வரலியே? போனும் போக மாட்டேங்குது."

அவர் வாசலுக்குப் போய்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, ராத்திரி பார்த்த வெளிச்சத்தைச் சொன்னார்.

தீயணைப்பு அதிகாரி வந்தார். "அந்தச் சரிவுல பத்துப் பள்ளம் இருக்கு சார். வெளிச்சம் எந்த இடத்துல தெரிஞ்சுது?"

இருட்டில் பார்த்தது, கையை நீட்டிச் சொல்ல முடியவில்லை. படத்தைத் திறந்தார். எங்கும் சுத்தமான கறுப்பு. பெரிதாக்கினார். இருட்டு முழுக்கப் பொடிமணலாகப் புள்ளிகள். பக்கம்பக்கமாக மூன்று இடத்தில் மட்டும் புள்ளியே இல்லை. மணப்பெண் கன்னம்போல வழவழவென்று இருந்தது.

"இங்க சார். ஒத்தைப் பாறைக்கு நேர் கீழே."

"வெளிச்சம் காட்டினானா?" என்றாள் மனைவி. "நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் படத்தை இன்னும் பெரிதாக்கினார்.

பொழுது சாயுமுன் அந்தப் பாறைக்கு அடியிலேயே கிடைத்துவிட்டான். தொடை எலும்பு முறிந்து, ரத்தமெல்லாம் போய்க் கிடந்தான். விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அதிகாரி அவன் பக்கத்தில் கிடந்த டார்ச்சைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"பேட்டரி தீர்ந்திருக்கும்... இல்ல, விழுந்ததுல உடைஞ்சிருக்கும்" என்றார் ஸ்டுடியோக்காரர், கெஞ்சுகிற குரலில்.

அதிகாரி சுவிட்சைத் தள்ளினார். பளீரென்று எரிந்தது. மனைவி அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அணையுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.