மெரூன் கலர் பட்டு

தங்கப்பழத்துக்குப் பேர்தான் பழம். விற்பதெல்லாம் எவர்சில்வர் குடமும் குக்கரும். சங்கரன்கோவில் ரத வீதியில் அவருடைய பாத்திரக்கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பாத்திரமல்ல, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிற ஃப்ளெக்ஸ். அவர் சம்சாரம் இசக்கித்தாய்க்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மெரூன் பட்டு, கழுத்து நிறைய ஆரம், காதில் ஜிமிக்கி. மகள் பொன்செல்விக்கு அந்தப் படத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

வராதா பின்னே? அம்மா பட்டு கட்டியது கல்யாணத்தன்றைக்கு மட்டும்தான். அதற்கப்புறம் நைட்டி, நைட்டி மேல் ஒரு துண்டு. அந்தக் கோலத்தில் கல்லாவில் உட்கார்ந்து அவள் சிரித்ததைப் பொன்செல்விதான் போனில் எடுத்தாள். ஃப்ளெக்ஸ் கடையில் அந்தச் சிரித்த தலையை மட்டும் வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராகக் கிடக்கிற பட்டுச்சேலை உடம்பு ஒன்றில் ஒட்டிவிட்டார்கள். நம்மூரில் செத்தவர்களுக்கெல்லாம் நடக்கிற மரியாதைதான். ஆம்பளை என்றால் கோட்டு மாட்டுவார்கள்.

பொன்செல்வி கல்லூரியில் தமிழ் இரண்டாம் வருசம். ஜாய்ஸ் மேடம் ஒரு நாள் வகுப்பில், "கவிதையோ, படமோ, எதுவோ ஒண்ணு. அது உங்க மனசை என்ன செஞ்சுதுன்னு எழுதிட்டு வாங்க. நோட்ஸைப் பார்த்து எழுதுனா எனக்குத் தெரிஞ்சுரும்" என்றார். பிள்ளைகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நோட்ஸ் இல்லாமல் மனசை எங்கே போய்த் தேடுவது? ஆளாளுக்கு 'கவிஞர் அழகுற எடுத்துரைக்கிறார்' என்று எழுதிக் கொடுத்து நல்ல பிள்ளை ஆனார்கள். பொன்செல்வி மட்டும் அந்த ஃப்ளெக்ஸைப் பற்றி எழுதினாள். ஆத்திரத்தில் ஒரே மூச்சில் எழுதியது. மேடம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றத்துல நீதான் வாசிக்கிற. அப்பாவையும் வரச் சொல்லு" என்றார்.

வந்தது வினை. சேதி கேட்ட தங்கப்பழம் ரத வீதி முழுக்கச் சொல்லிவிட்டார். கடையை அடைத்துவிட்டு வருகிறாராம். அன்றைக்குக் கட்டப்போகிற வேட்டி இப்போதே தேய்த்து வந்தாயிற்று. அத்தனை பேர் மத்தியில் அவர் அதைக் கேட்டால் கூனிக் குறுகிப்போவார். பாவம், அம்மா போனதிலிருந்து அந்த மனுசன் முகத்தில் சிரிப்பு வந்ததே இப்போதுதான். வாசிக்கமாட்டேன் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. யாரைப் பார்த்தும் எழுதாமல் அவளாக எழுதியது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, "எப்பா, முதல்ல நீங்க கேட்டுருங்க" என்று தாளை எடுத்தாள்.

"யாரோ ஒரு பொம்பளை உடம்பில் எங்கள் அம்மாவின் தலை. இந்தப் படத்தில் தலை மட்டும்தான் எங்கள் அம்மா. நைட்டி போட்டு, துண்டு போட்ட அம்மாவைச் சுவரில் மாட்ட எங்கள் வீட்டுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது."

தங்கப்பழம் குக்கர் மூடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"வெக்கமெல்லாம் இல்ல மக்கா" என்றார். "வருசா வருசம் ஆடித் தபசுத் திருநாளுக்கு உங்க அம்மைக்கு ஒரு பட்டு எடுக்கணும்னு அவட்டச் சொல்லுவேன். தபசு வந்தா கடையில கூட்டம் தாங்காது, தீவாளிக்குப் பாப்போம்னுருவா. தீவாளி வந்தா பொங்கலுக்குப் பாப்போம்னுருவா. நானும் சரின்னுருவேன். ஜவுளிக்கடை இந்தா எதுத்தாப்லதான இருக்கு. அங்கன பொம்மையில ஒரு மெரூன் பட்டு கட்டியிருந்துச்சு. கல்லாவுல இருந்துக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருப்பா." மூடியைத் திருப்பிப் போட்டுத் துடைத்தார். "ஃப்ளெக்ஸ் கடை சங்கரபாண்டி, நைட்டியோடயே போட்டுருதேன் அண்ணாச்சின்னுதான் சொன்னான். நான்தான் சேலை கட்டிவிடச் சொன்னேன். கலரும் நான்தான் சொன்னேன்."

என்ன பிள்ளை நான் என்று பொன்செல்விக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. தாளைக் கிழிக்கப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, கிழிக்காத. உனக்குத் தோணுனதைத்தான எழுதிருக்க. அவ துண்டும் நைட்டியுமா இருந்ததும் நெசந்தான. அப்படியே வாசி. நான் வாரேன்."

வெள்ளிக்கிழமை அவள் ஒரு எழுத்தையும் மாற்றாமல் வாசித்தாள். வெட்கம் என்ற இடத்தையும் விடவில்லை. வாசித்து முடித்த பிறகு தாளை மடித்தாள். ஆனால் மைக்கை விட்டு நகரவில்லை.

"தலை மட்டும்தான் எங்க அம்மான்னு எழுதியிருந்தேன். அது தப்பு. சேலையும் எங்க அம்மாவோடதுதான். எங்க அப்பா எடுத்துக் கொடுத்தது."

எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் தங்கப்பழம் மட்டும் தட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, முன்னே பின்னே தெரியாத பக்கத்து ஆளிடம், "மெரூன் கலரு வே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அவளுக்குப் பிடிச்ச கலரு."