பூரானின் வால்

சிலுவைராஜ் எதையும் லேசில் நம்புகிறவர் இல்லை. கிறிஸ்துமஸ் கேரல் பாட வருகிறவர்களைக்கூடப் பாதிக் கதவைத் திறந்து, பாட்டு முழுவதையும் கேட்டு, தெரிந்த முகங்கள்தானா என்று பார்த்த பிறகே உள்ளே விடுவார். அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில், வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப் ஏறி வந்த லிஜி என்கிற பெண் பெயின்ட் டப்பாக்களை இறக்கினால் அவருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

காரணம் இருந்தது. தேயிலை எஸ்டேட்டில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர். லயத்துச் சுவருக்கு எப்போதாவது வெள்ளையடித்தால், யாரோ ஆபீசர் பார்வையிட வருகிறார் என்று அர்த்தம். கம்பெனி ஆட்கள் முன்சுவரில் மட்டும் சுண்ணாம்பு பூசுவார்கள். விரிசல் மறையும். ஆபீசர் மலையாளத்தில் "கொள்ளாம்", அதாவது நன்றாக இருக்கிறது, என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறுவார். அடுத்த மழையில் சுண்ணாம்பு கரைந்து விரிசல் மறுபடி எட்டிப் பார்க்கும்.

போன வருஷ மழையில் மேல் லயத்துச் சுவர் ஒன்று கோழிக்கூட்டின் மேல் சாய்ந்தது. சிலுவைராஜ் வீட்டில் அதே மாதிரிச் சுவரை ஒட்டிக் கோழிக்கூடு இல்லை. அவர் மனைவி ஞானஜோதியின் கட்டில்தான் இருந்தது.

இந்த வருஷ மழைக்கு முன்னால் லேபர் ஆபீசர் வருகிறார் என்று யூனியனில் பேச்சு. அந்த நேரம் பார்த்தா பெயின்ட் வந்து இறங்க வேண்டும்?

"இதெல்லாம் யாரு வாங்கித் தந்தது, மோளே?"

"நாங்க கூட்டுக்காரெல்லாம் சேர்ந்து வாங்கினதாணு, சேட்டா. சுவருல படம் வரைய," என்றாள் லிஜி, மலையாளம் கலந்த தமிழில்.

"வரைஞ்சு?"

"வரைஞ்சா எல்லாரும் நின்னு பார்ப்பாங்கல்லே?"

யார் நின்று பார்த்து யாருக்கு என்ன லாபம் என்று அவர் யோசித்துப் பார்த்தார். புரியவில்லை. புரியாததால் சந்தேகம் இன்னும் பலமானது.

கொழுந்து கிள்ளி முடித்து வந்த பெண்கள் சாயங்காலங்களில் பிரஷ்ஷைப் பிடித்தார்கள். லிஜி சொன்னது ஒன்றுதான்: விரிசலை மறைக்காதீர்கள், அதையே ஏதாவது ஒரு ஜந்துவாக்குங்கள். பக்கத்து வீட்டு சின்னத்தாய் மலைப்பாம்பு வரைந்தாள். ஞானஜோதி முன்சுவரில் கூரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் சிவப்பில் ஒரு பூரானை இறக்கினாள்.

"பூரான் எதுக்குட்டி?"

"படுத்தா காதுகிட்ட ஊருற மாதிரியே இருக்கு. அதான்."

"சுவரு விழப்போவுதுன்னு சொல்லச் சொன்னா சிங்காரிச்சு வச்சிருக்க. ஆபீசரு ரசிச்சிட்டுப் போயிருவாரு."

"போன தடவ நீங்க முஷ்டிய மடக்கிக் கோஷம் போட்டீங்களே, அப்ப என்ன சொன்னாரு?"

"டீ குடிக்கிறியான்னு கேட்டாரு."

"குடிச்சீங்களா?"

"சூடா இருந்துச்சு."

நடுவில் நாலைந்து நாள் கோடை மழை கொட்டியது. வெயில் அடித்ததும் சூப்பர்வைசர் ஜிபி அந்தப் பக்கம் வந்து, "சூப்பர்!" என்று சிரித்தபடி போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். சிலுவைராஜுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. கம்பெனிக்காரன் சிரித்தால் அது கம்பெனி வேலைதான்.

ஆபீசர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். பெண்கள் மலையேறியதும் எழுந்தார். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தார்; நகம்தான் போனது. மாதா குருசடிச் சின்னக் கோயிலுக்கு அடித்து மீந்த சுண்ணாம்பைக் கரைத்து, பக்கத்து வீட்டுப் பாம்பையும் சேர்த்து முழுச் சுவருக்கும் பூசினார். காய்ந்ததும் அதன்மேல் கரியால் 'சுவர் இடிகிறது' என்று பெரிதாக எழுதுவது திட்டம்.

காய்வதற்குள் ஜீப் சத்தம் கேட்டது. ஆபீசர் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்.

எதிரே பளிச்சென்று வெள்ளைச் சுவர். முன்னால் முழங்கை வரை சுண்ணாம்போடு சிலுவைராஜ். ஜிபிக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா சார்! இங்க தொழிலாளியே வீட்டை எவ்வளவு சுத்தமா வச்சிருக்காரு!"

"கொள்ளாம்," என்றார் ஆபீசர்.

வருஷா வருஷம் கம்பெனி செய்கிற வேலையை இந்தத் தடவை தானே, அதுவும் கூலி வாங்காமல் செய்து கொடுத்திருக்கிறோம் என்பது சிலுவைராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜீப்பைக் கண்டு பெண்கள் கொழுந்துச் சாக்கோடு ஓடி வந்தார்கள். ஞானஜோதி சுவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

'கம்பெனிதான் பூசச் சொன்னது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் நம்புவார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் அதை முழுங்கிவிட்டுத் துண்டைத் தண்ணீர் டிரம்மில் முக்கினார்.

"சார், போயிராதீங்க. இது என் புத்திகெட்ட வேலை. இதுக்கு அடியில ஒரு பூரான் இருக்கு."

"எந்தா?" ஆபீசர் காலைத் தூக்கிக்கொண்டார்.

ஈரச் சுண்ணாம்பு ஒரே துடைப்பில் வந்தது. ஒவ்வொரு காலாகப் பூரான் வெளியே வந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிலுவைராஜ் கூரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் துடைத்தார். சிவப்பு வால் ஜன்னலோரம் முடிந்தது. ஆனால் விரிசல் அங்கே முடியவில்லை. வாலுக்குக் கீழே முக்கால் முழம் புதிதாக ஓடி, உள்ளே கட்டில் இருந்த பக்கமாக வளைந்திருந்தது.

அவர் கை நின்றுவிட்டது.

"நான் வால முடிச்ச எடத்துலதான் அன்னைக்கு விரிசலும் முடிஞ்சுது," என்றாள் ஞானஜோதி மெதுவாக. "இது மழைக்கப்புறம் வந்தது."

"ஏ, என் பாம்பத் தொடைங்கடி!" என்று சின்னத்தாய் கத்தினாள். அங்கேயும் விரிசல் பாம்பை முந்திக்கொண்டு போயிருந்தது.

சுவரை ஒட்டி நின்ற ஆபீசர், யாரும் சொல்லாமலே ரெண்டடி பின்னால் போனார். சிலுவைராஜ் ஆயுசில் கேட்ட எந்தக் கோஷமும் ஒரு ஆபீசரை இப்படி நகர்த்தியது கிடையாது.

"ஜிபி, இந்த வீட்டுல இன்னைக்கு யாரும் படுக்கக் கூடாது. வேற ரூம் கொடு. சுவருக்கு முட்டு வை. மழைக்கு முன்னால பொளிச்சு, இடிச்சுப் புதுசாக் கட்டணும்."

ஜிபி படம் எடுக்கவில்லை.

கொத்தனார்கள் நிஜமாகவே வந்தார்கள். சிலுவைராஜ் தினமும் போய் சிமென்ட்டை முகர்ந்து பார்த்தார். சுவர் எழும்பி முடிந்த பிறகும் முகத்தில் தெளிவில்லை. கடைசியில் லிஜியிடம் பிரஷ்ஷை வாங்கி, புதுச்சுவரில் ஓடிய மயிரிழைக் கீறல் ஒன்றின்மேல் நாக்கைக் கடித்துக்கொண்டு என்னமோ வரைந்தார்.

ஞானஜோதி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இது என்னது, பூனையா? ஆடா?"

"எதுவா இருந்தா என்னட்டி? வாலு எங்க முடியுதுன்னு பாத்து வச்சிக்க."