மருமகன் வைத்த கோலா

பாக்சைட் தாது தோண்டும் கம்பெனிக்காரர்கள் தனேயா என்ற ஊருக்கு மூன்று முறை போய், மூன்று முறையும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்கள். ஊரில் யாரும் சண்டைக்கு வரவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். இவர்கள் பாயில் வைத்த கோலாக் கொட்டைகளை மட்டும் ஒருவரும் தொடவில்லை. தொடவில்லை என்றால் முடியாது என்று அர்த்தம். உடைத்துப் பங்கு போட்டு மென்றுவிட்டால் கேட்டதைக் கொடுத்தாயிற்று. பிறகு பேச்சு மாற முடியாது. போக்கே வட்டாரத்து ஊர்களில் பத்திரம், முத்திரை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கம்பெனிக்கு வேண்டியது ஊருக்குப் பின்னாலிருக்கும் குன்று. ஊருக்கோ அந்தக் குன்றுதான் சோறு. சரிவு முழுக்க முந்திரி, அடிவாரத்தில் கோடையிலும் வற்றாத ஊற்று. பக்கத்து ஊர்க் குன்றைத் தோண்டிய பிறகு அங்கே கிணற்றில் சிவப்புத் தண்ணீர் வருவதை இவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

இந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு மேனேஜருக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. ஊர்மக்களோடு பேசுவதற்கென்று அவர் அலுவலகத்தில் வைத்திருந்த மோர்லாய்க்கு அந்த ஊர்தான் மாமனார் ஊர். மாமனார் ஃபாசினேதான் ஊர்த்தலைவர். மேனேஜர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஏழு வருஷமாக ஒப்பந்தத்தில் இழுபடும் அவன் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். அதற்கு ஊர்த்தலைவரின் ஒரே ஒரு கையெழுத்து போதும் என்றார்.

மேனேஜருக்கு ஊர் வழக்கம் தெரியாது, அவரைத் திட்டிப் பயனில்லை. மோர்லாய்க்குத் தெரியும். மருமகன் வைக்கும் கோலாவை எதற்கென்று அந்த ஊரில் கேட்கமாட்டார்கள். கேட்டால் பெண்ணைக் கொடுத்தவர்களுக்கே அவமானம். முதலில் உடைப்பார்கள், அப்புறம்தான் விஷயம். அதையெல்லாம் தெரிந்தேதான் போனான், பாவி மனுஷன்.

மனைவி ஸலேமத்துவிடம் வேலையாக வெளியூர் போகிறேன் என்று மட்டும் சொன்னான். கம்பெனி வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்தே போய், இலையில் சுற்றிய பத்துக் கோலாவை இரண்டு கையாலும் மாமனார் முன்னால் வைத்தான்.

கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. பிள்ளை உண்டான சேதியையும் அங்கே கோலாவோடுதான் கொண்டுவருவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் மருமகன் கோலாவோடு வந்து நின்றால் பெண்ணைப் பெற்றவர்கள் வேறென்ன நினைப்பார்கள், சொல்லுங்கள். மாமியார் மஹாவா அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஃபாசினே அவசரமாகப் பெரியவர்களுக்கு ஆளனுப்பினார். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் முதல் கொட்டையைப் பிளந்து, ஒரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைச் சுற்றிக் கொடுத்தார். மஹாவா தன் பங்கை மெல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதாவது மோர்லாய் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கடைசி ஆள் விழுங்கும்வரை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எத்தனை மாசம், மாப்பிள்ளை?" என்று கேட்டாள் மாமியார்.

"அது இல்ல அத்தை. குன்னு விஷயமா வந்தேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு பெரியவர் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம், அவனுக்கும் கேட்கும்படி சொன்னார்: "கம்பெனிக்காரன் மூணு தடவ வந்து மண்டிபோட்டான். பாவம், நம்ம ஊர்ல பொண்ணெடுக்கணும்னு அவனுக்குத் தோணல."

ஃபாசினே கையை நீட்டினார். "முழுங்கியாச்சு. இனிமே பேச என்ன இருக்கு. பேப்பரைக் குடுங்க" என்றார்.

மோர்லாய் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தான். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தான். நினைத்ததோடு சரி. மாமனார் கையெழுத்துப் போட்டதும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகும் அவனுக்குச் சோறு போட்டார்கள். மரவள்ளி இலைக் குழம்பு, மருமகனுக்கென்று கோழித் தொடை. எதிரில் உட்கார்ந்திருந்த மஹாவா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஸலேமத்துவுக்கு இது தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் பழி முழுக்கத் தன் ஒருவன் தலையில் விழும் என்று பயந்தான்.

"தெரியும்" என்றான். அதோடு விட்டானா? "அவதான் போகச் சொன்னா."

மஹாவா எழுந்து உள்ளே போனாள்.

இரண்டு மணி நேரம் செம்புழுதியில் குலுங்கி அவன் வீடு வந்து சேர்ந்தபோது, ஸலேமத்து முற்றத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "எந்தக் குன்னும்மா? யார் வந்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், வண்டியிலிருந்து இறங்கிய புருஷனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். அவன் முகத்தையே பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"ஆமாம்மா, தெரியும்" என்றாள் போனில். "நான்தான் போகச் சொன்னேன்."

அந்தப் பக்கத்தில் மஹாவாவின் குரல் உயர்ந்து, அழுகையாகி, நின்றுபோனது. ஸலேமத்து போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இனிமே அந்த ஊர்ப் பக்கம் நான் வரக்கூடாதாம்" என்றாள். "நீங்க எப்ப வேணா போகலாம். மருமகனாச்சே, உங்கள வேண்டாம்னு சொல்ல முடியாதாம்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். மோர்லாய் வாசலிலேயே நின்றான்.